கரண்ட்காரர் எடுக்காத போன்

அந்த ஊரில் எலக்ட்ரீஷியன் என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கரண்ட்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். கூட வேலை பார்த்தவர்கள் பெரிய நகரங்களுக்குக் கிளம்பிவிட, இவர் காட்டில் மழை. யார் கூப்பிட்டாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். அந்த அடுத்த வாரம் லேசில் வராது. டாக்டரே வாசலில் வந்து கெஞ்சிவிட்டுப் போனதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவே இல்லை.

ஊர் நிர்வாகம் எத்தனை நாள்தான் பொறுக்கும்? வெளிநாட்டிலிருந்து கைத்தொழில் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு வந்தால் குடியிருக்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, வேலைக்குக் கருவிகள் எல்லாம் இலவசம் என்று அறிவித்தது. வந்து சேர்ந்தார் ஒருவர். சொந்த நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு ஒயரிங் செய்தவர், நாற்பதை நெருங்கியவர். ஒரே ஒரு நிபந்தனை: முதல் வருஷம் உள்ளூர் லைசென்ஸ்காரரின் கீழ்தான் வேலை. அவர் சரி என்று சொல்லாமல் யார் வீட்டு மெயின் போர்டையும் திறக்கக் கூடாது. போனில் சொன்னாலும் போதும். வருஷ முடிவில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் இங்கேயே தங்கலாம்.

கரண்ட்காரருக்கு வயிறு எரிந்தது. வந்தவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, 'புதுசு' என்றார். சுவரில் ஓட்டை போடவும் ஏணி பிடிக்கவும் வைத்தார். ஒரு வீட்டில் புதுசு கேட்காமல் போர்டு மூடியைக் கழற்றிவிட, வீட்டுக்காரர்கள் முன்னாலேயே கத்தினார்: "இன்னொரு வாட்டி என்னைக் கேக்காம தொட்டே, மூட்டை கட்ட வேண்டியதுதான்." புதுசு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்று காலை கரண்ட்காரர் சலூனில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தார். போன் அடித்தது. புதுசு. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"எடுங்களேன், ஏதோ அவசரம் போல," என்றார் சலூன்காரர்.

"அவசரமாவது ஒண்ணாவது! வீடு குடுத்து, ஸ்கூல் குடுத்துக் கூட்டிட்டு வந்தாங்கல்ல? நான் இல்லாம ஒரு ஸ்க்ரூ திருப்ப முடியல பாத்தீங்களா. அடிக்கட்டும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். அது பலகையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கரண்ட்காரரின் கடைக்கு எதிரே கடை வைத்திருந்தவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இங்கயா இருக்கீங்க? உங்க அக்கா வீட்ல கரண்ட் போய், அத்தானோட ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு!"

பாதி மழித்த முகத்தோடு ஓடினார். அத்தான் கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் தீர்ந்துவிட்டது, ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. கடையிலிருந்து புதுசு ஓடிவந்ததும், தம்பியைக் கூப்பிடும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு, அக்கா தன் கணவரைத் தாங்கிப் பிடித்திருந்தாள். மெயின் போர்டின் முன்னால் நின்றார் புதுசு, ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், மறு கையில் போன். ஒரு 'சரி' போதுமாயிருந்தது.

கரண்ட்காரர் மூடியைக் கழற்றினார். ஒயர் ஒன்று தளர்ந்து கருகியிருந்தது. முனையை வெட்டிச் சீவி முறுக்கியதும் மெஷின் முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஆறிய காபியைச் சுட வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. அத்தான் முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது.

"நல்ல வேளை நீ வந்தே," என்று அக்கா அழுதாள். "எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன், இவர் கல்லு மாதிரி நிக்கிறார். இவருக்கெல்லாம் எதுக்குடா வீடு?"

இப்போது சொல்லிவிடுவான் என்று கரண்ட்காரர் புதுசைப் பார்த்தார்.

"போன் சிக்னல் கிடைக்கலம்மா," என்றார் புதுசு. "அண்ணன் மேல தப்பில்ல."

கரண்ட்காரருக்கு உடம்பே கூசியது. அது பெருந்தன்மையாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அது பயம். மூச்சுத் திணறும் மனிதரின் எதிரே, வேலை தெரிந்த ஒருவனின் கையைக் கட்டிப்போட்ட பயம். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தது கரண்ட்காரரேதான். இதே வீட்டில் இந்த அத்தான் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

"சிக்னல் இருந்துச்சுக்கா. நான்தான் எடுக்கல. வேணும்னே எடுக்கல."

அக்கா முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினாள். திட்டியிருந்தால் தேவலை. அவரைத் தாண்டிப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் புதுசின் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க தம்பி. தெரியாம பேசிட்டேன்."

புதுசு உட்காரவில்லை. உட்காரலாமா என்று கரண்ட்காரரின் முகத்தைப் பார்த்தார்.