ஸ்விட்சைப் போட்ட கை

லிஃப்ட் மெக்கானிக் மூன்று மாதமாக லிஃப்டில் ஏறவில்லை. குடியிருப்பது நாலாவது மாடி. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது படியேறி இறங்கினார். "என்ன சார், டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டபோது, "ஆமா, கொழுப்பு" என்று சொல்லிவிட்டு மேலே போனார். பதினேழு வருஷம் லிஃப்டுக்கு மேலும் கீழும் புரண்டு சம்பாதித்த மனிதர் அவர்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடை வளாகத்தின் லிஃப்ட் குழியில் அவருடைய மச்சினன் செத்துப்போனான். மனைவியின் ஒரே தம்பி. இருபத்தாறு வயது. பெற்றவர்கள் போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவான் என்பதால் கம்பெனியில் அவனுக்கு எலி என்று பெயர். அக்காவும் திட்டும்போது அப்படித்தான் கூப்பிடுவாள்.

அன்று எலி அடியில், லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே உள்ள குழியில் இருந்தான். மெக்கானிக் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். மெயின் ஸ்விட்சைப் போட்டது அவர் கைதான்; லிஃப்ட் கீழே இறங்கியது. மனைவிக்கு இது தெரியாது. "சொல்லாம கொள்ளாம குழில இறங்கிட்டான்" என்று கம்பெனி மேனேஜர் துக்கம் கேட்க வந்தபோது சொன்னதுதான் அவளுக்குத் தெரியும். அப்போது மெக்கானிக் பக்கத்திலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் விதிம்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்றும் மேனேஜர் சொன்னார். இந்தச் சொல்லைப் போல் முதலாளிகளுக்கு உழைத்துக் கொடுக்கும் சொல் வேறு கிடையாது. கேள்வி கேட்க வேண்டியவர்களின் வாயை அது அடைத்துவிடும். பதில் சொல்ல வேண்டியவர்களை வாசல்வரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாளில் மெக்கானிக்கின் வலது கை மக்கர் செய்ய ஆரம்பித்தது. டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. வீட்டில் விளக்கு ஸ்விட்சருகே போனால் விரல் நடுங்கி நின்றுவிடும், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மனைவி வந்து விளக்கைப் போட்டுவிட்டு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த வீட்டுல இன்னொரு ஆளை வாரிக் குடுக்க என்னால ஆகாது" என்றாள்.

அரசு ஆஸ்பத்திரியில் நரம்பைத் தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். கையில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் சீட்டில் ஏதோ கிறுக்கி, எக்ஸ்ரே அறையை ஒட்டிய சின்ன அறைக்கு அனுப்பினார். மனநல ஆலோசகர், செவ்வாய், வெள்ளி மட்டும் என்று வெளியே எழுதியிருந்தது. உள்ளே பழைய ஃபைல்கள் கூரைவரை அடுக்கியிருக்க, மிச்சமிருந்த இடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நாற்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா. இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் உடைந்த எலும்புக்கு ஒரு மாடி, உடைந்த மனுஷனுக்கு ஃபைல் போக மீதி இடம்.

"நான் டாக்டர் இல்ல. ஊசி, மாத்திரை ஒண்ணும் கிடையாது" என்றார் அந்த அம்மா.

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நீங்க பேசுனா கேப்பேன்."

"பேசலன்னா?"

"சும்மா உக்காந்திருப்போம். அரை மணி நேரம் உங்களோடதுதான்."

மெக்கானிக் அன்று அரை மணி நேரமும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் இது எப்படியோ தெரிந்துபோயிற்று. "பேசுறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? என்கிட்ட பேசுய்யா, ஒரு டீ வாங்கிக் குடு போதும்" என்று வெல்டர் கிண்டலடித்தார். அந்த வெல்டர் மூன்று மாதத்தில் எலியைப் பற்றி ஒருமுறைகூடப் பேச்செடுத்ததில்லை. எடுத்தால் தான் உடைந்துவிடுவோம் என்ற பயம். ஆண்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் தடவை மெக்கானிக் உட்கார்ந்ததும் சொன்னார்: "நான்தான் கொன்னேன்."

'அப்படியெல்லாம் சொல்லாதீங்க' என்று வரும், எழுந்து போய்விடலாம் என்று எதிர்பார்த்தார். அது வரவில்லை. "அவர் எப்படி இருப்பார்? எனக்குத் தெரியாதே, சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

எப்படி இருப்பான்? லிஃப்டுக்குள் நின்று அறிவிப்பாளர் குரலில் மாடி சொல்லுவான்: 'முதல் மாடி, புடவை. ரெண்டாம் மாடி, நகை. மூணாம் மாடி, மூச்சு வாங்கும் புருஷன்கள்.' ஏறியவர்கள் சிரிப்பார்கள். அதைச் சொல்லும்போது மெக்கானிக்குக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறாக மாறி, மேசையில் நெற்றியை வைத்து அழுதார். ஆலோசகர் தடுக்கவும் இல்லை, தண்ணீர் கொடுத்து அவசரமாக நிறுத்தவும் இல்லை.

இதற்கிடையில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். 'பணியாளர் முன்னறிவிப்பின்றிக் குழியில் இறங்கியதே விபத்துக்குக் காரணம்' என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே சாட்சி என்று மெக்கானிக்கின் பெயர். திங்கட்கிழமை அரசு லிஃப்ட் ஆய்வாளர் விசாரணைக்கு அழைத்திருந்தார். அதற்குள் கையெழுத்து வேண்டும். "உனக்காகத்தான்யா இப்படி எழுதியிருக்கு" என்றார் மேனேஜர், தோளில் கை போட்டு. "ஸ்விட்ச் போட்டது யாருன்னு ஆரம்பிச்சா உன் வீட்டுல நீ இருக்க முடியுமா? யோசிச்சுப் பாரு."

மெக்கானிக் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதை ஆலோசகர் மேசையில் போட்டார். "கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். அவன் போயிட்டான். நானும் மாட்டி என்ன ஆகப்போகுது?"

ஆலோசகர் படித்தார். தாளைத் தள்ளி வைத்தார். "உங்க வேலையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு லிஃப்ட் நின்னுடுச்சு, போறீங்க, பியூஸ் எரிஞ்சிருக்கு. என்ன செய்வீங்க?"

"மாத்துவேன்."

"அவ்வளவுதானா?"

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "பியூஸை மட்டும் மாத்திட்டு வர்றவன் மெக்கானிக்காம்மா? அது ஏன் எரிஞ்சுதுன்னு பார்க்கணும். லோடு ஏறுச்சா, ஒயர் உரசுதா, யாரு கை வச்சா, ஒண்ணொண்ணா பின்னாடி போகணும். இல்லன்னா நாளைக்கும் எரியும். வேற ஒருத்தன் மாட்டுவான்."

ஆலோசகர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார்.

மெக்கானிக் இடது கையால், கோணல்மாணலாக எழுதினார்: நான் ஸ்விட்ச் போட்டேன்.

"அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் சூப்பர்வைசர் தரைத்தளத்திலிருந்து போனில் கத்தினார்: 'வந்துட்டான், போடு.' எலி வெளியே வந்தது உண்மைதான். விட்டுவந்த டார்ச்சை எடுக்க மறுபடி இறங்கியதைச் சூப்பர்வைசர் பார்க்கவில்லை. கடைக்காரர்கள் லிஃப்ட் எப்போது ஓடும் என்று அவரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு முன்னாடி?"

குழியில் ஆள் இருக்கும்போது மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும். சாவி குழியில் இருப்பவன் பையில் இருக்க வேண்டும். அவன் மேலே வந்து திறந்தால்தான் கரண்ட். அந்தப் பூட்டு உடைந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மெக்கானிக் மூன்று தடவை கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். 'ஆள் உள்ள இருக்குன்னு ஒரு அட்டை எழுதித் தொங்கவிடுங்கப்பா' என்று பதில் வந்தது.

"இதை இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா தப்பிக்கப் பார்க்குறேன்னு ஆகாதா? பூட்டு இல்லன்னா வேலையே செய்ய மாட்டேன்னு சொல்லியிருக்கணும். கீழ இறங்கிப் போய்ப் பார்த்துட்டுப் போட்டிருக்கணும்."

"அதையும் எழுதுங்க. உங்க பங்கை நான் அழிக்கச் சொல்லல. மத்தவங்க பங்கையும் நீங்களே தூக்கிச் சுமக்கணுமான்னுதான் கேக்குறேன்."

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார் மெக்கானிக். கம்பெனி செத்தவன் மேல் பழி போட்டது. அவரோ தன்மேல் போட்டுக்கொண்டார். எப்படிப் பார்த்தாலும் பூட்டு வாங்கித் தராதவன் நிம்மதியாகத் தூங்கினான். மூன்று மாதமாகத் தன்னைத் தின்ற குற்ற உணர்ச்சி யாருக்குச் சோறு போட்டது என்பது அவருக்கு அந்த ஃபைல் குடோனில்தான் உறைத்தது.

"வீட்டுல சொல்லணும்" என்றார். "பூட்டுல ஆரம்பிக்கிறேன்."

"அவங்களோட முதல் கேள்வி என்னவா இருக்கும்?"

யோசித்தார். "யாரு போட்டதுன்னு."

"அப்ப பூட்டுல ஆரம்பிச்சா?"

"ஒளியிற மாதிரி இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பகல். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் எதிரே தரையில் உட்கார்ந்து, "அன்னிக்கு மேல ஸ்விட்ச் போட்டது நான்தான்" என்றார். பிறகுதான் மற்றதைச் சொன்னார், எழுதிய வரிசையில். கடைசியாக, மேனேஜர் கையெழுத்துக் கேட்ட தாளைப் பற்றியும். போர்வையின் ஒரு முனை அவள் கையிலேயே நின்றது.

"கத்தினானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. "கத்தினான். ஒரு தடவை. மாமான்னு கூப்பிட்டான்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"மூணு மாசம் என் பக்கத்துலயே படுத்திருந்தீங்க."

அவர் போர்வையின் மறு முனையை இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இறங்கிட்டான், திமிர் புடிச்சவன், அப்படின்னு நானே அவனைத் திட்டிக்கிட்டிருந்தேன். படத்தைப் பார்த்துத் திட்டினேன். அதையும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க." துணியைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த மேனேஜர் பேப்பரைக் காட்டுங்க" என்றாள். படித்தாள். "உங்க மூஞ்சியைப் பார்க்க என்னால இப்ப முடியாது. ஆனா நாளைக்கு விசாரணைக்கு நானும் வர்றேன்."

திங்கட்கிழமை ஆய்வாளர் முன்னால் மெக்கானிக் மேனேஜரின் தாளைக் கையெழுத்தில்லாமல் வைத்தார். தன் வாக்குமூலத்தைச் சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டார். முதல் வரியே ஸ்விட்சைப் போட்ட அவருடைய கை. பூட்டு கேட்டு எழுதிய கடிதங்களில் ஒன்றின் நகல் அவரிடம் இருந்தது, அதையும் வைத்தார். மேனேஜர், "விதியை யார் சார் மாத்த முடியும்" என்று ஆரம்பித்தார்.

"பூட்டை மாத்தியிருக்கலாமே" என்றாள் எலியின் அக்கா.

வேலையிலிருந்து அன்று மாலையே மெக்கானிக்கை நிறுத்திவைத்தார்கள். விசாரணை எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. சூப்பர்வைசர் எதுவும் நினைவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வலது கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. வீட்டில் அவர் ஓர் அறையில், அவள் ஓர் அறையில்.

அடுத்த செவ்வாய் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தாள். தாழ்வாரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டதும் அவள்தான் எழுந்தாள்.

"இன்னிக்கு நான் போறேன். நீங்க இங்கேயே இருங்க" என்றாள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அவள் பேசும் குரல் கேட்டது, வார்த்தை புரியாமல், வேகமாக, நிற்காமல்.