மாடியில் சொட்டிய தண்ணீர்

வஜீதாவுக்குப் பேய்க் கதை என்றால் உயிர். அதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதிய பேய்க் கதை. பூட்டிய அறை, இடிந்த பங்களா, யாரும் இல்லாமல் ஆடும் ஊஞ்சல். பேரன் எடுக்கப் போகிற வயதில் இது என்ன ருசி என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெரியவங்களுக்கு எழுதுற பேய்க் கதைல, கடைசில பாத்தா எவனோ ஒரு பொண்ணைக் கெடுத்துக் கொன்னுருப்பான். அது தினம் பேப்பர்லயே வருது. பசங்க கதைல பேய் வெறும் பேயா இருக்கும்க்கா. பயந்துட்டு, புக்கை மூடிட்டு, போய் சோறு வடிக்கலாம்."

அவள் புருஷன் ஜானி பாஷா மெத்தை தைப்பவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது பாதி நாள் இருமலோடு படுத்திருக்கிறார். வஜீதா முதலில் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டிய விடுதி ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைத்தாள். குடும்பத்தோடு வருகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் விட்டுப்போகும் பிள்ளைகளின் புத்தகங்கள் அவள் பைக்கு வந்தன. யாரும் திரும்பக் கேட்டதில்லை. முதுகு வளைய மறுத்தபோது வீட்டு நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு மாறினாள். இந்த வேலையிலும் முதுகு வளையத்தான் வேண்டும். அதை நான் முதல் நாளே சொன்னேன்.

நான் உண்ணாமலை. பயிற்சி எடுத்து முப்பது வருஷமாக இதே வேலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய வீடு ஒன்றில் அப்பாசாமி என்ற பெரியவரை நானும் வஜீதாவும் முறை மாற்றிப் பார்த்தோம். காலை எனக்கு, மதியத்துக்கு மேல் அவளுக்கு. அப்பாசாமி கடலை எண்ணெய் மில் நடத்தியவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகத் தேய்ந்துவிட்டது. விழுங்குவதும் சிரமம்.

விழுங்க முடியாதவருக்கு ஊட்டுவது பொறுமையான வேலை. நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, கெட்டியான கூழைச் சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். தொண்டை மேலே ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று விரலால் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. கவனம் பிசகினால் கூழ் நுரையீரலுக்குப் போகும். பிறகு காய்ச்சல், ஆஸ்பத்திரி.

அப்பாசாமியால் மெதுவாக விழுங்க முடிந்தது. அவருக்கு மனசுதான் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். எடை இறங்கிக்கொண்டே வந்தது. பௌர்ணமி முடிந்து வரும் திங்கட்கிழமை பரிசோதனைக்கு வரும்போதும் இப்படியே இருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலில் கட்டி வைப்பார்கள். இவருக்கு இருப்பதே ஒரு கைதான்.

ஒரு நாள் நான் மறந்துவிட்ட கண்ணாடிக்காக மதியம் திரும்பிப் போனேன். அப்பாசாமி கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வஜீதாவின் மடியில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று விரிந்திருந்தது. தாய் தகப்பன் இல்லாத ஒரு சிறுமி, மலைமேல் இருக்கும் மாமாவின் பங்களாவுக்குப் போகிறாள். அங்கே மாடி அறை எப்போதும் பூட்டியிருக்கிறது.

"அந்தப் பொண்ணு சாவியை நுழைச்சா. உள்ள யாரோ மூச்சு விடுறாங்க..." என்று நிறுத்திவிட்டுக் கரண்டியை நீட்டினாள்.

அப்பாசாமி வாயைத் திறந்தார்.

நான் அவளை வெளியே கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். "வாயில கூழ் இருக்கும்போது அவர் பயந்து மூச்சை இழுத்தா என்ன ஆகும்? பேய் வந்து காப்பாத்துமா?"

"வாயில இருக்கும்போது நான் ஒரு வார்த்தை பேசுறதில்லக்கா. தொண்டை இறங்கணும், கன்னத்தைப் பாக்கணும். அப்புறம்தான் கதை. வேணும்னா நின்னு பாருங்க."

நின்று பார்த்தேன். அவள் சொன்னது சரி. கதவுக்கு முன்னால் நிறுத்துவாள். அவர் விழுங்குவார். தொண்டை இறங்கியதும், "ம்" என்று உறுமுவார். அந்த உறுமலுக்குப் பிறகுதான் கதவு திறக்கும். கிண்ணம் காலியாக வெகு நேரம் ஆனது, ஆனால் காலியானது. நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காலை வேளையில் என்னிடம் அவர் பழையபடி நாலு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் மருமகள் மணிமொழிக்கு இந்தக் கதை விஷயம் பிடிக்கவில்லை. நல்ல பெண்தான். மாமனாரின் அழுக்குத் துணியை முகம் சுளிக்காமல் துவைப்பவள். "படுத்துக் கெடக்கற மனுஷன் கிட்ட பேய், பொணம்னு பேசலாமாம்மா?" என்று என்னிடம்தான் குறைப்பட்டாள். சாப்பிடுகிறாரே என்றேன்.

பௌர்ணமி வந்தது. பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றது. வஜீதா டவுனிலிருந்து கூட்டத்துக்குள் புகுந்து நடந்து வர வேண்டும். மதியம் தாண்டியும் வரவில்லை. எனக்குக் கால் வீங்கிவிட்டது. கொஞ்ச நேரம் படுங்கள், நானே ஊட்டுகிறேன் என்று மணிமொழி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த அறையில் படுத்தபடியே திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன், கேட்டேன். வஜீதா தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த புத்தகத்தைக் காட்டி அப்பாசாமி உறுமினார். மணிமொழி விட்ட இடத்திலிருந்து படித்தாள். சிறுமி மாடி அறைக்குள் காலை வைக்கிறாள், விளக்கு அணைகிறது. அவர் கண் விரிந்ததைப் பார்த்து இவள் பயந்துவிட்டாள். ரத்தக் கொதிப்பு உள்ள மனுஷன், அதுவும் பௌர்ணமி நாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"பயப்படாதீங்க மாமா. பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் வவ்வாலுதான். அந்தப் பொண்ணு நல்லா இருக்கா. நீங்க சாப்பிடுங்க."

நான் எழுந்து போவதற்குள் அப்பாசாமி வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

வஜீதா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிப் பக்கத்தை யாராவது மொதல்ல சொல்வாங்களா?"

"பயப்படறாரேன்னுதான் சொன்னேன்" என்றாள் மணிமொழி.

"பயப்படறதுக்குத்தானே படிக்கிறோம்!"

அன்றும் மறுநாளும் அவர் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. தண்ணீரையும் கூழ்ப் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அதையும் பாதி துப்பினார். வஜீதா வேறு புத்தகம் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பேயானாலும் கடைசியில் வவ்வால்தானே என்று நினைத்திருப்பார். மகன் இளவரசன் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் சொல்லிவிட்டான்.

ஞாயிறு மதியம். நான் வீட்டுக்குப் போகாமல் நின்றேன். வஜீதா பழைய புத்தகத்தையே மறுபடி எடுத்தாள். அவளுக்கும் அசதி, முந்தின ராத்திரி முழுக்க ஜானி பாஷாவுக்கு மூச்சுத்திணறல். சத்தமில்லாமல் முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். கடைசில வவ்வாலுன்னு போட்டிருக்கு. சரி, மூச்சு விட்டது வவ்வாலு. விளக்கை அணைச்சதும் வவ்வாலு. மொத அத்தியாயத்துல அந்தப் பொண்ணு படுத்திருக்கும்போது மாடில இருந்து நெத்தில தண்ணி சொட்டுதே, அது?"

"மழை பெஞ்சிருக்கும்" என்றேன்.

"நல்ல வெயில் காலம்னு எழுதியிருக்கு. கெணறே வத்திப்போச்சாம். எழுதினவரு மறந்துட்டாரு போல. வவ்வாலு எங்கக்கா தண்ணி ஊத்தும்?"

கட்டிலில் அசைவு. அப்பாசாமி தலையை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

வஜீதா அப்போதும் அவரைப் பார்க்கவில்லை. "அப்போ மாடில இன்னொருத்தர் இருந்திருக்கணும். புக்கு முடிஞ்சும் அவங்க அங்கயேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் கரண்டியை விட்டு நிறுத்தினாள்.

பிறகு அவர் வாய் திறந்தது. கரண்டி போனது. தொண்டை ஏறி இறங்கியது. நான் கன்னத்தைப் பார்த்தேன். சுத்தம்.

"அப்... புறம்?" என்றார். உறுமல் இல்லை, சொல்.

மறுநாள் டாக்டர் தன் முன்னாலேயே ஊட்டச் சொல்லிப் பார்த்தார். வஜீதாவை உள்ளே விடச் சொல்லி நான் கேட்டு வாங்கினேன். மாடிப்படியில் ஈரக் காலடி ஏறுவது வரைக்கும் கதை போனது. குழாய் இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு வாரத்தில் எடை கொஞ்சம் ஏறியது. புத்தகத்தில் இல்லாத கதையை வஜீதா ஷேர் ஆட்டோவில் வரும்போது யோசித்துக்கொண்டு வருவாள். சில நாள் ஒன்றும் தோன்றாமல், சிறுமியை வெறுமனே வராந்தாவில் நடக்க விடுவாள். அதற்கும் அவர் சாப்பிட்டார்.

நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இரண்டு ஆள் எதற்கு என்று இளவரசன் கேட்டான். கேள்வி நியாயம்தான். காலையில் நான் வந்து, மதியச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று முடிவானது. மணிமொழி ஒரு புடவை எடுத்துக் கொடுத்து வஜீதாவை அனுப்பினாள்.

"மாடில இருக்கறது யாருன்னு சொல்லிட்டுப் போடி" என்றேன்.

"எனக்கே தெரியாதுக்கா. தெரிஞ்சா நிறுத்திடுவாரு. தெரிய வேணாம், விடுங்க."

இப்போது அவள் கீழ்பென்னாத்தூரில் ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். பஸ்ஸில் போய்வரவே பாதி உயிர் போகிறது என்கிறாள். அந்த அம்மாளுக்குக் கதை வேண்டாம், நாள் முழுக்க டிவி சீரியல்தான். புத்தகப் பை ஆணியில் தொங்குகிறதாம்.

கதை சொல்ல எனக்கு வராது. பேய் என்றால் எனக்குப் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆனால் கரண்டியைக் கையில் எடுத்தால் அப்பாசாமி கூரையைப் பார்க்கிறார். முதல் நாள் வேறு வழியில்லாமல், சொட்டுகிற இடத்தில் அந்தச் சிறுமி ஒரு பக்கெட்டை வைத்தாள் என்றேன். மறுநாள் பக்கெட் நிறைந்துவிட்டது, கொட்டப் போனாள் என்றேன். மூன்றாம் நாள் தரையைத் துடைத்தாள்.

வஜீதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஜானி பாஷாவின் இருமல் சத்தத்துக்கு நடுவே அவள் சிரிப்பது கேட்டது.

"பேய் வீட்டுக்கும் வேலைக்குப் போயிட்டீங்களாக்கா?"

"நீ என்ன வேணா பேசு. கிண்ணம் காலி."

"அப்படியா? அப்போ நாளைக்கு அந்தப் பக்கெட்ல ஒரு முடியைப் போடுங்க. நீளமான முடி. ஒண்ணே ஒண்ணு. அதுக்குமேல ஒண்ணும் சொல்லாதீங்க."

நாளைக்குப் போட வேண்டும்.