கிறுக்கி என்று கையெழுத்துப் போட்டவள்

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அம்மா. அம்மா தையல்காரி. முன்னறையில் மெஷின், பின்னறையில் குடும்பம். துணியில் கோடு போட வைத்திருக்கும் சாக்குக் கட்டியை மகள் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரெல்லாம் மூஞ்சிகளாக வரைந்துவைப்பாள். ஒருநாள், வெட்டுவதற்காக விரித்திருந்த கோட்டுத் துணியின் மேலேயே, அந்தத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனவரின் முகத்தை இரட்டைத் தாடையோடு வரைந்துவிட்டாள். "துணி முழுக்கக் கிறுக்கி வச்சிருக்கா பாரு, கிறுக்கி!" என்று அம்மா அளவுக்கோலை எடுத்துக்கொண்டு துரத்தினாள். செய்த குற்றமும் கிடைத்த வசவும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. படத்தின் மூலையில் கையெழுத்துப் போடும் காலம் வந்தபோது வேறு பெயரைத் தேடி அவள் அலையவில்லை.

குழந்தைகளுக்குப் படம் போடுகிறவள் என்றால் பஞ்சு மாதிரிப் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவளுக்கு அது மூக்கில் ஒருநாளும் நின்றதில்லை. நேராக உச்சந்தலைக்குப் போய்விடும்.

முதல் வேலை ஒரு சிறுவர் மாத இதழில். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. நாள் முழுக்க ரப்பர் வாடை. இதழின் ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய மேஜையில் எப்போதும் ஒரு பிளேடு இருக்கும். அவள் வரைந்த படங்களில் எங்கே கண்ணீர்த்துளி கண்ணில் பட்டாலும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்.

"குழந்தைங்க புத்தகத்துல எதுக்கும்மா அழுகை? எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டுமே."

"இது பல்லு பிடுங்கிட்டு வர்ற கதை சார். பல்லு பிடுங்கினா நீங்க சிரிப்பீங்களா?"

"நான் குழந்தை இல்லையே."

"வலி என்ன சார், வயசு கேட்டுக்கிட்டா வருது?"

ஆசிரியர் பிளேடைக் கீழே வைக்கவில்லை. அவளும் கண்ணீரை விடவில்லை. துளியைச் சுரண்டினால் சுரண்டட்டும் என்று உதட்டைப் பிதுக்கி வரைந்தாள். உதட்டைச் சுரண்டினால் முகமே போய்விடும்.

அந்த அறையில் இருந்தபடியேதான் அவள் சொந்தமாக ஒரு படப்புத்தகம் போட்டாள். ஓர் ஆடு வகுப்பறைக்குள் நுழைந்து எல்லாருடைய ஷூ கயிறுகளையும் தின்றுவிடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கவேண்டிய பையனிலிருந்து விளையாட்டு வாத்தியார் வரை அத்தனை பேரும் தடுக்கி விழுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆட்டின் முகத்தில் மட்டும் உலகத்தின் மேலேயே ஒரு கடுப்பு இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடித்ததே அந்தக் கடுப்புதான். பள்ளி நூலகங்கள் அந்தப் புத்தகத்தை வாங்கின. வாசித்துக் காட்டச் சொல்லிப் பள்ளிகள் அவளை அழைத்தன. போன இடமெல்லாம் "ஆட்டு அக்கா வந்துட்டாங்க!" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

புத்தகத்தைப் பார்த்த நாளிதழ் ஒன்று அவளைக் கேலிச்சித்திரம் போடக் கூப்பிட்டது. முதல் பக்கத்தில் கீழ்மூலையில் சின்னக் கட்டம். அரசியல்வாதிகளின் மூஞ்சிகளை அவள் அதில் போட்டு வறுத்தெடுத்தாள். திருமணமும் அந்தச் சமயத்தில்தான். கோபத்தில் கழற்றி வீசி உடைந்த மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன கடையில்தான் மாப்பிள்ளை கிடைத்தார். மறுபடியும் மறுபடியும் உடைத்துக்கொண்டு வந்தவளிடம் அந்தக் கண்ணாடிக் கடைக்காரர், "வீசறதுக்குன்னே ஒரு பழைய கண்ணாடி தரேங்க. நல்லதைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு இதை வீசுங்க" என்றார். அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது.

ஊரோரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிக்கூடம். கோடையில்தான் கல்வி அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைத்திருந்தார். ஒருநாள் காலை, முதல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் அறையின் கூரை அப்படியே இறங்கிவிட்டது. உள்ளே இருந்த பிள்ளைகளில் பலர் வெளியே வரவில்லை.

அவள் ஆட்டுக்கதை வாசித்துக் காட்டிய அறை அது. சேதி கேட்டதும் ஓடினாள். சிதறிக் கிடந்த கான்கிரீட்டில் ஒரு துண்டை எடுத்து விரலால் பிசைந்தாள். மாவாக உதிர்ந்தது. நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் விளக்குமாற்றுக் குச்சி கனத்துக்குக்கூட இல்லை. மறுநாள் பேப்பர்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல 'எதிர்பாராத விபத்து' என்று எழுதின. அவள் வேலை பார்த்த பேப்பரும்தான்.

அன்று அவள் வரைந்த படத்தில் வார்த்தையே இல்லை. ஒரு வகுப்பறை, பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூரையைத் தாங்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு ரிப்பன். வாசலில் அமைச்சர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கத்தரிக்கோலை அதன்மேல் வைக்கிறார்.

நாளிதழ் ஆசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினையே. அமைச்சர் முகத்தை மட்டும் கொஞ்சம் மாத்திடுங்களேன். பொதுவா ஒரு அதிகாரி மாதிரி."

"பொதுவான அதிகாரியா சார் ரிப்பன் வெட்டினாரு? கட்டடம் பொதுவா இடிஞ்சுதுன்னு நீங்க எழுதிட்டீங்க. நானும் பொதுவா வரையணுமா?"

அவர் படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டார். அந்த நேரத்துக்கு அவருக்கும் எதுவோ உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் முழுக்க அவருடைய தொலைபேசி ஓயவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை முதல் பக்கத்தில், அவளுடைய படம் வரும் இடத்திலேயே, ஒரு கட்டம் வந்தது: 'இச்சித்திரத்துக்காக வருந்துகிறோம். வரைந்தவரும் தம் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறார்.'

காப்பிக் கோப்பை கையில் இருக்க, அவள் பேப்பரைக் கணவரிடம் நீட்டினாள். "நான் எப்பங்க வருத்தப்பட்டேன்? உங்ககிட்டயாவது சொன்னேனா?"

கணவர் பழைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனாள்.

"உங்களைக் காப்பாத்தத்தான் அந்த ஒரு வரியைப் போட்டோம்" என்றார் ஆசிரியர், மேஜையைப் பார்த்தபடி.

"காப்பாத்த வேண்டியவங்க அந்தக் கூரைக்கு அடியில இருந்தாங்க சார். என் வாயால நான் சொல்லாததை என் பேருல போட உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?"

பேனாக்களையும் மைப்புட்டியையும் பைக்குள் அள்ளிப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அந்த நிமிஷம் ரொம்ப மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. பள்ளி நூலகங்களிலிருந்து ஆட்டுப் புத்தகம் காணாமல் போனது. காரணம் கேட்டவளிடம் கல்வி அலுவலகத்தில் ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "பள்ளி வளாகத்துக்குள்ள ஆடு வந்து மேயற மாதிரி காட்டறது நிர்வாகத்தை அவமதிக்கிறதா ஆகுதும்மா" என்று விளக்கினார். சிறுவர் இதழின் ஆசிரியரும் ஆள் அனுப்பாமல் தாமே வந்தார். கையைப் பிசைந்தார். "கொஞ்ச நாளைக்கு வேற பேருல வரைங்களேன்."

"என் பேரே கிறுக்கி சார். இதைவிடக் கேவலமா ஒரு பேரு உங்ககிட்ட இருக்கா?"

கண்ணாடிக் கடையின் பின்பக்கம், ஃபிரேம் அலமாரிக்கும் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கும் நடுவில் கணவர் ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து யாரும் கேட்காத படங்களை வரைந்துகொண்டிருந்தாள். அங்கேதான் ஒரு மதியம் ஒரு தாய் அவளைத் தேடி வந்தாள். இடிந்த பள்ளியில் மகளைப் பறிகொடுத்தவள். விசாரணை வேண்டும் என்று பெற்றோர்கள் கல்வி அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் முகங்களைப் பெரிதாக வரைந்து பிடித்துக்கொள்ள நினைத்தார்கள். இந்தத் தாயிடம் இருந்தது மகளின் பள்ளி அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

"முகத்தை உர்ருனு வச்சிருக்கா, சிரிக்கிற மாதிரி மாத்தித் தரேன்னு ஒரு ஸ்டுடியோக்காரர் சொன்னாரு. எனக்கு அது வேணாம் அக்கா. அன்னிக்குத் தலையை இழுத்துப் பின்னிட்டேன்னு என்கூடச் சண்டை. அந்த மூஞ்சிதான் என் பொண்ணு."

கிறுக்கி அந்த முகத்தைக் கதவு உயரத்துக்கு வரைந்தாள். அடுத்த நாள் இன்னொரு தகப்பன் வந்தார். அப்புறம் எல்லாரும் வந்தார்கள். சிரிக்கிறவன் சிரித்தான், முறைக்கிறவள் முறைத்தாள், ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தான். யாரையும் அவள் தேவதையாக்கவில்லை. அலுவலக வாசலின் இருபுறமும் அந்த முகங்கள் நிற்க, அதிகாரிகள் தினமும் அவற்றுக்கு நடுவில் நடந்து உள்ளே போகவேண்டி வந்தது. சிலர் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் பாதிப் படங்களைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள்.

வெயில், மழை எல்லாவற்றிலும் அவளும் அவர்களோடு உட்கார்ந்தாள். கடைசியில் விசாரணை வந்தது. கட்டட ஒப்பந்தக்காரர் சிறைக்குப் போனார். கையெழுத்துப் போட்ட பொறியாளரும் போனார். அமைச்சர் போகவில்லை. அவருக்கு இலாகா மட்டும் மாறியது. பள்ளிகளை விட்டுவிட்டுப் பாலங்களைத் திறக்க ஆரம்பித்தார். ஆட்டுப் புத்தகம் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் எடுக்கப்பட்ட மாதிரியே, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் நூலகங்களுக்குத் திரும்பி வந்தது. "அதான் எல்லாம் சரியாப் போச்சே" என்று வாழ்த்த வந்தவர்களை அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

இப்போது ஒரு சின்ன மாலைப் பேப்பரில் வரைகிறாள். வயதாகிவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. புதிய பாலம் ஒன்றை அமைச்சர் திறந்துவைத்தபோது, கத்தரிக்கோலோடு அவர் நிற்பதையும், கீழே ஆற்றில் ஜனங்கள் நிமிர்ந்து பாலத்தின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்ப்பதையும் வரைந்தாள். அன்று சாயங்காலமே அமைச்சர் அலுவலகத்திலிருந்து பேப்பருக்கு அழைப்பு வந்தது. பேப்பரின் ஆசிரியர் அவளையே கேட்டுக்கொள்ளச் சொல்லி அவளுடைய எண்ணைக் கொடுத்துவிட்டார்.

"பழசையெல்லாம் இன்னும் மனசுல வச்சிருக்கீங்களாம்மா?" என்று எதிர்முனைக் குரல் குழைந்தது.

"ஒவ்வொரு முகமா வச்சிருக்கேன் தம்பி. எல்லாத்தையும் என் கையால வரைஞ்சவ நான்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். கணவர் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தார். மகளின் முகத்தை வரையச் சொல்லி முதலில் தேடி வந்த அந்தத் தாய் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று காலையில் சேதி வந்திருந்தது. இருவரும் அவளைப் பார்க்கக் கிளம்பினார்கள்.