பிராந்தி ஊற்றாத கேக்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கேக்குக்கு பிராந்தி புகட்டுகிற பெண்மணியோடு நான் வேலை பார்க்கிறேன். பெயர் மார்கரெட். யார்க்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவர் தலைமைச் சமையல்காரர், நான் அவருக்கு உதவியாள். அக்டோபர் பிறந்ததும் ஒரு ஃப்ரூட் கேக் சுட்டு, காகிதத்திலும் அலுமினியத் தாளிலும் சுற்றி, தகர டப்பாவில் அடைத்து அலமாரியில் வைத்துவிடுவார். வாரம் ஒருமுறை அதை எடுத்து, குச்சியால் குத்தித் துளை போட்டு, ஒரு கரண்டி பிராந்தியை விட்டு மறுபடி சுற்றி வைப்பார். கிறிஸ்துமஸ் வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மிஞ்சினால் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும் என்று, ஊறுகாயைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். காலையில் வைத்த சாம்பார் சாயங்காலத்துக்குள் நுரைத்துப்போகிற கோவில்பட்டியிலிருந்து வந்தவளுக்கு அதை நம்பக் கொஞ்ச காலம் பிடித்தது. இந்த நாட்டில் நம்ப முடியாமல் தோன்றியவற்றில் பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கின்றன. வியப்பதற்குத்தான் இப்போது உடம்பில் தெம்பில்லை.

எங்கள் வீட்டில் தொழிலே கடலைமிட்டாய். வீட்டின் பின்கட்டில் அடுப்புகள், வெல்லம், வறுத்த கடலை. அப்பாவுக்கு எந்தத் தின்பண்டத்தைக் கண்டாலும் முதல் கேள்வி எத்தனை நாள் தாங்கும் என்பதுதான், ருசியெல்லாம் அப்புறம். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது இறுகி, கிண்ணத்தில் தட்டினால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் அடுப்பிலிருந்து இறக்க மாட்டார். பதம் தப்பினால் ஐப்பசி மழையில் மிட்டாய் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தன் சரக்கு கசிந்தது என்று ஒரு கடைக்காரரும் திருப்பித் தந்ததில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. பேச்சிலும் அப்படித்தான். சொன்னால் சொன்னபடி நிற்க வேண்டும்.

வந்த நான்காம் வருடம் நானும் ஒரு கேக் சுட்டேன், அப்பாவுக்காக. பழங்களை ஊறவைக்க மார்கரெட் பிராந்தி பாட்டிலை நீட்டினார். நான் வேண்டாமென்று ஆரஞ்சுச் சாறில் ஊறவைத்தேன். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, குடித்துக் குடித்தே நாற்பது வயதுக்குள் போனவர். அதற்குப்பின் எங்கள் வீட்டுக்குள் அந்த வாடையே நுழையக்கூடாது. இருமல் மருந்தைக்கூட அப்பா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். இதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மார்கரெட்டிடம் சொன்னேன்.

"உன் அப்பா இதைக் குடிக்கப்போவதில்லையே, தின்னத்தானே போகிறார்?" என்றார்.

"எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்" என்றேன்.

ஏதோ துக்கச் செய்தி கேட்டவர் போல என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அப்படியானால் சீக்கிரம் தின்றுவிடச் சொல்" என்றார். சுடச்சுடத் தின்றால் ருசி என்கிறாராக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். டிசம்பரில் திருநெல்வேலிக்குப் போன ஒரு நர்ஸ் தோழி டப்பாவைக் கோவில்பட்டியில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் காலிங் கார்டைச் சுரண்டி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வந்து சேந்துட்டுட்டி. கல்லு மாதிரி கனக்கு. எத்தன நாளு தாங்கும்?"

"ஒரு வருசம் தாங்கும்ப்பா."

"ஒரு வருசமா!" மிட்டாய்க்காரருக்கு மூச்சே நின்றுவிட்டது. "அப்பம் இப்ப எதுக்குப் பிரிக்கணும்? நீ வந்த பொறவு வெட்டுவோம்."

மார்கரெட்டின் கேக்குக்கு உள்ள ஆயுளை என் கேக்குக்குச் சொன்னேன். எதனால் அது தாங்குகிறதோ அதைத்தான் நான் விட்டுவிட்டேன் என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. எனக்காக ஒரு பண்டம் அங்கே காத்திருக்கும் என்பது கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

தை மாதம் போவதாக இருந்தேன். விசா காகிதங்கள் ஏதோ ஒரு மேஜையில் கிடந்ததால் முடியவில்லை. போய்ச் சேர்ந்தது வைகாசியில், தங்கை செல்வியின் வளைகாப்புக்கு. கரிசல் மண் வாய்பிளந்து கிடந்த வெயில். கயத்தாறிலிருந்து அவள் மாமியார் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். வளையல் போட்டு முடிந்ததும் அப்பா உள்ளே போய், பீரோ மேலிருந்த டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"எம் மவ லண்டன்ல செஞ்சது. ஆறு மாசம் ஆச்சு. இன்னும் ஆறு மாசம் தாங்கும்" என்று சபைக்கு அறிவித்தார். எங்கள் ஊருக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்.

தாளைப் பிரித்ததுமே எனக்கு வாடை தெரிந்துவிட்டது. கேக்கின் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். அப்பாவும் பார்த்தார். வேறு யார் சரக்காக இருந்தாலும் அந்த நிமிடமே குப்பையில் போட்டிருப்பார். கண்ணால் கண்டதைவிட நான் போனில் சொன்னதைப் பெரிதாக நம்பினார். "மேலாப்புல லேசாப் பூத்திருக்கு, சீவிட்டாச் சரியாயிரும்" என்று கத்தியால் சீவித் தள்ளிவிட்டு, முதல் துண்டைச் செல்வியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். அவளுக்கு ஏழாம் மாதம். அவளும் வாயைத் திறந்தாள்.

நான் அப்பாவின் கையைத் தட்டிவிட்டேன். துண்டு செல்வியின் பட்டுச்சேலையில் விழுந்து உதிர்ந்தது.

"பிள்ளத்தாச்சிக்குக் குடுக்கதத் தட்டிவிடலாமா? என்ன பிள்ள நீ?" என்று செல்வியின் மாமியார் எழுந்தே விட்டார்.

"கெட்டுப்போச்சு அத்தை. தின்னா வயித்துக்கு ஆகாது."

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானட்டி ஒரு வருசம்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேம்ப்பா."

"லண்டன் சரக்கும் ஊசித்தான் போவுது, என்ன அண்ணாச்சி?" என்று சம்பந்தி சிரித்தார். அவர் கேலியாகத்தான் சொன்னார். அப்பா டப்பாவை மூடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பந்திப் பக்கம் வரவில்லை. நாலு வருடம் கழித்து வந்து, நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்தேன். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

வேன் கிளம்பிய பிறகு பின்கட்டுக்குப் போனேன். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எதுல தப்பு? வேக்காட்டுலயா, சீனியிலயா?" என்று கேட்டார். கோபமில்லை, தொழில்காரனின் கேள்வி.

"ரெண்டுலயும் இல்லப்பா. அதுல பிராந்தி ஊத்தணும். அதுதான் கெடாம வச்சிருக்கும். உங்களுக்காகத்தான் ஊத்தல. ஊத்தாதது ஒரு மாசம் தாங்குனாலே பெருசு. இந்த வெயில்ல அதுவும் தாங்காது."

ஒரு குச்சியை எடுத்து அடுப்புச் சாம்பலைக் கிளறினார். பிறகு, "அடுத்த தடவ ஊத்தியே அனுப்பு" என்றார்.

"நீங்க திங்க மாட்டீங்களேப்பா."

"நான் திங்க மாட்டேன். நீ வார வரைக்கும் கெடாம இருக்கும்லா."

நான் அங்கேயே அழுதேன். அவர் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு கேக் சுடுகிறேன். பிராந்தி ஊற்றியது கோவில்பட்டிக்குப் போகிறது, அதை அங்கே யாரும் தொடுவதில்லை. ஆரஞ்சுச் சாறு ஊற்றியது இங்கே ஃபிரிட்ஜில் இருக்கிறது, அதை நான் மட்டும் தின்கிறேன். வளைகாப்புக்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைத்தால் டிக்கெட் இல்லை, டிக்கெட் கிடைத்தால் லீவு இல்லை. இப்போது பீரோ மேல் இரண்டு டப்பாக்கள். நேற்று போனில் அப்பா கேட்டார்.

"மொத டப்பாவுக்கு வருசம் முடிஞ்சிட்டுட்டி. என்ன செய்ய?"

பிரித்து இன்னும் ஒரு கரண்டி ஊற்றினால் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த வயதில் அவரை ஒயின் ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை. "தூரப் போட்டுருங்கப்பா" என்றேன்.

"எதுக்குப் போடணும்? நீ வந்து பாத்துட்டுச் சொல்லு. அதுவரைக்கும் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, என் கேக்கில் ஒரு துண்டு வெட்டி நின்றுகொண்டே தின்றேன். பாதிக்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் சுட்டு ஒரு மாதம், அதற்குள் அதைத் தின்று தீர்க்க வேண்டும்.