வீட்டுக் கதவின் மேல் போட்ட பழி

எங்கள் அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தக் காதை வைத்துத்தான் அக்கா குடும்பம் நடத்துகிறாள்.

கிடங்கில் லாரிகள் வந்து நிற்கும் வாசல்களில் மூன்றாவது அவருடையது. சரக்கு ஏற்றுவதில் புலி. நகர மறுக்கும் பெட்டியிடம் "வாடா ராசா" என்று கெஞ்சுவார், அதுவும் வந்துவிடும். அவர் வாசலின் ஷட்டருக்கு ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. மேலே தூக்கினால் நிற்காமல் சறுக்கி இறங்கும். ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து எல்லோரும் வேலை பார்த்தோம். ஒருநாள் கட்டை நழுவி, அத்தானின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

கிடங்கில் யாருக்கும் காயமில்லாமல் வருடம் முடிந்தால் ஆளுக்கொரு மின்விசிறி என்று நிர்வாகம் ஆசை காட்டியிருந்தது. முடியச் சில நாட்களே பாக்கி. சில வீடுகளில் கொக்கிகூட மாட்டியாயிற்று. ஊரார் விசிறியைத் தான் கெடுக்கக் கூடாதென்று, வீட்டுக் கதவில் விரல் மாட்டியதாக அத்தான் சொல்லிவிட்டார். வெளியே வாய் திறக்கக் கூடாதென்று அக்காவிடம் சத்தியமும் வாங்கிவிட்டார். அவள் கோபத்தையெல்லாம் பாத்திரங்களின் மேல் காட்டினாள்.

மேலாளர் பழங்களோடு நலம் விசாரிக்க வந்தார். வழிகாட்ட நானும் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் கண் சும்மா இராது. வாசற்கதவை இழுத்து மூடிப் பார்த்தார். மழையில் உப்பிய கதவு பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அது எறும்பைக்கூட நசுக்காது. அக்கா அத்தானின் காதைப் பார்த்தாள். பழுத்த மிளகாய் போல இருந்தது.

அப்படியும் அத்தான் அசையவில்லை. மேலாளர் பெருமூச்சு விட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நாளையிலிருந்து மூன்றாம் வாசலை மச்சினன் பார்த்துக்கொள்வான் என்று என்னைக் காட்டினார். எனக்கே அது புதுச் செய்தி.

அத்தான் எழுந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை மேலாளர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஷட்டர்தான் சார் நசுக்குச்சு. அதச் சரிபண்ற வரைக்கும் இவன் அங்க நிக்க மாட்டான். விசிறி போனாப் போகுது."

போகத்தான் போயிற்று. ஸ்பிரிங்கை மாற்றினார்கள், கூட்டாளிகள் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதெல்லாம் பிறகு. மேலாளர் கிளம்பியதும் அக்கா தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்து அத்தான் எதிரே உட்கார்ந்தாள். அவருக்கு வலது கை ஆகாதே, அவள்தான் ஊட்ட வேண்டும்.

"உங்க விரலு நசுங்கினப்ப வராத ரோசம், என் தம்பின்னதும் வந்துருச்சே," என்றாள். அழுதுகொண்டேதான் ஊட்டினாள்.