காளான் கறியும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும்

போன வருடம் புரட்டாதி மாதம், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து பிரான்ஸுக்குத் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். பாரிஸில் வாடகை கட்டுப்படியாகாமல், நான்கு மணித்தியாலம் தள்ளி ஒரு கிராமத்தில் குடியேறியவள் அவள். நூறு வீடு, ஒரு தேவாலயம், காலையில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பேக்கரிப் பாண் விற்க வரும் வான். ஊர் அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர். நான் வாசலுக்கு வந்தால் போதும், அவர் வீட்டு யன்னல் மெல்லத் திறக்கும். என் பையில் என்ன இருக்கிறது, எங்கே போகிறேன், எல்லாம் அவருக்குத் தெரியவேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“உவ அப்பிடித்தான் அக்கா, கணக்கெடுக்காதேங்கோ” என்பாள் தங்கை.

ஒருநாள் மழை விட்டதும் காட்டுப்பக்கம் நடந்தேன். வழியெல்லாம் காளான். எனக்குத் தெரியாத காளானா என்று ஒரு கூடை பறித்துவந்தேன். பாதியைக் கூடையோடு யன்னலோரம் வைத்துவிட்டு, மற்றப் பாதியை நறுக்கிக் கறியாக அடுப்பில் ஏற்றினேன். நஞ்சென்றால் கறியில் போடும் மஞ்சள் நிறம் மாறும் என்று சின்ன வயதில் கேட்டிருந்தேன். மாறவில்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும் தங்கையின் பிள்ளைகள் இருவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரே சந்தோஷம்.

திடீரென்று அந்தப் பெண்மணி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். அடுப்பை நிறுத்தினார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் கறி முழுவதையும் வெளியே குப்பைத் தொட்டியில் கொட்டினார்.

“என்ரை சட்டியிலை கைவைக்க நீ ஆர்?” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கையிடம், யன்னலோரம் இருந்த கூடையைக் காட்டி அவர் படபடவென்று ஏதோ சொன்னார். பிறகு மீதிக் கூடையோடு எங்கள் இருவரையும் தன் காரில் ஏற்றினார்.

போன இடம் அடுத்த ஊர்ப் பார்மசி. அங்கே காளான் பறிப்பவர்கள் சமைப்பதற்கு முன் பார்மசிக்காரரிடம் காட்டுவார்களாம். எங்களுக்கு முன்னால் நின்றவர் கையிலும் ஒரு கூடை. பார்மசிக்காரர் என் கூடையைக் கிளறி, வெளிர்பச்சையாக இருந்த இரண்டைத் தனியே எடுத்து வைத்தார்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, உதிலை ஒண்டே போதுமாம், ஆளின்ரை ஈரலைத் திண்டுபோடுமாம். மஞ்சள் ஒண்டும் காட்டித்தராதாம்.” அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

மறுநாள் பாண் வானடியில் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த ஒருவர், பதப்படுத்திப் போத்தலில் அடைத்த நல்ல காளானும் தந்தார்.

அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாததுதான் நாகரிகம் என்று இத்தனை வருடம் கனடாவில் நினைத்திருந்தேன். அவரும் என்னைப்போல் நாகரிகம் பார்த்திருந்தால், என் கையாலேயே அந்தப் பிள்ளைகளுக்கு நஞ்சு பரிமாறியிருப்பேன். இன்றும் அவர்கள் வீடியோவில் “பெரியம்மா” என்று கூப்பிடும்போதெல்லாம், கதவைத் தட்டாமல் உள்ளே வந்த அந்த மனுஷிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.