என் பெயரில் இருக்கும் ஒரு வரி

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஜாவா புரோகிராம் எழுதுகிறேன். இங்கே நெட் சரியாக வராது. அதனால் வேலைக்குத் தேவையான ஒரு ஃபைலைக் காஞ்சிபுரத்தில் டவுன்லோட் செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து என் லேப்டாப்பில் போட்டேன். புரோகிராம் தனக்கு வேண்டியதைத் தேடும் இடங்களின் பட்டியல்தான் கிளாஸ்பாத். என் லேப்டாப்பின் கிளாஸ்பாத்தில் அதைச் சேர்த்தவன், டீமுக்குப் பொதுவான பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த வாலாஜாபாத் கோமதிக்கு புரோகிராமைச் சரிபார்க்கும் டெஸ்ட் ஒன்றுகூட ஓடவில்லை. போன் செய்தாள்.

"ரெண்டு நாளா தேடிக்கினு கீறேண்ணா. நீங்க தனியா எதனா ஃபைல் போட்டு வச்சினு கீறீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லமா," என்றேன். அப்போது உண்மையிலேயே நினைவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் கோமதிக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று மேனேஜர் கேட்டபோது பென்டிரைவ் நினைவுக்கு வந்தது. இருந்தும், "எனக்கு ஓடுது சார். அவங்கதான் சரியா செட்டப் பண்ணல," என்றேன். கோமதியும் அந்த மீட்டிங்கில் இருந்தாள். அன்று சாயங்காலமே அந்த ஃபைலுக்கான விடுபட்ட வரியைச் சத்தமில்லாமல் பொதுப் பட்டியலில் சேர்த்தேன். எந்த வரியை யார் சேர்த்தார்கள் என்று அதில் பெயரோடு பதிவாகும். அவளுக்கும் டெஸ்ட் ஓடியது.

அடிப்படையே தெரியவில்லை என்று அந்த மாதக் கடைசியில் அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

பல மாதம் கழித்து வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அந்த வரி உங்க பேர்ல இருந்ததை அன்னிக்கே பாத்துட்டேண்ணா. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

மேனேஜரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. தினமும் அந்தப் பட்டியலைத் திறக்கிறேன். வரி அங்கேயே இருக்கிறது.